வெயில் கொளுத்தியும் சில நாள் இடிமழை வராமல் போவது ஏன்?

காற்றில் ஒரு ‘மூடி’ இருப்பதுதான் பல நேரம் காரணம். தரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் சூடான, வறண்ட காற்றடுக்கு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு, கீழிருந்து வரும் ஈரக்காற்றை மேலே விடாது.

சூடான காற்று மேலே ஏறும் என்று படித்திருப்போம். சரி, ஆனால் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும் வரைதான் ஏறும். மேகமாகும் வரை கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் குளிர்ந்துகொண்டே போய் அந்த அடுக்கைத் தொடும்போது அதைவிடக் குளிர்ந்துபோய் நின்றுவிடும்.

அடுப்பில் மூடி போட்ட பானையை நினைத்துக்கொள்ளுங்கள். கனத்த மூடி என்றால் ஆவி வெளியே வராது. மூடியே இல்லையென்றால் அவ்வப்போது வெளியேறிவிடும், அதாவது காலையிலிருந்தே சின்னச் சின்ன மேகங்களாகிச் சக்தி சிதறிவிடும். நடுத்தர மூடிதான் வில்லன்: பகல் முழுக்க வெப்பமும் ஈரமும் சேர்ந்து, மாலையில் மூடி உடைந்ததும் மேகம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே 12 கிலோமீட்டர் தாண்டி எழும்பிவிடும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது காலை வானிலை பலூன் தரும், உயரத்துக்கேற்ப வெப்பநிலை மாறுவதைக் காட்டும் வரைபடம், அப்புறம் செயற்கைக்கோள் படம். காலிஃபிளவர் போன்ற மேகங்கள் தட்டையாகப் பரவினால் மூடி இன்னும் இருக்கிறது, உயர்ந்துகொண்டே போனால் உடைந்துவிட்டது.

ரேடாரில் ஒன்றும் இல்லை, எனவே இடிமழை வராது என்று பலர் நினைக்கிறார்கள். ரேடார் முக்கியமாகக் காட்டுவது ஏற்கெனவே உருவான மழைத்துளிகளைத்தான்.