வாசகர் கேள்வி: கெடு முடிந்த பிறகு ஆட்சேபணை எழுதலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் சிறு கடைகள் நடத்தும் எங்கள் சங்கத்துக்கு, உரிமக் கட்டணத்தை மாற்றும் வரைவு விதிகள் வெளியான செய்தியே கெடு முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. எங்களுக்குத் தமிழில் மட்டுமே நன்றாக எழுத வரும். இனி எழுதிப் பயனுண்டா?

— அல்சூர் வாசகர்

பதில்: இன்றே எழுதுங்கள். கெடுவுக்குப் பின் வரும் கடிதத்தைப் பரிசீலித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் துறைக்கு இல்லையென்றாலும், இறுதி அறிவிக்கை அரசிதழில் வெளிவரும்வரை விதி முடிவாகிவிடவில்லை. அதுவரை வரும் நியாயமான காரணத்தை ஏற்க அதிகாரிக்குத் தடையும் இல்லை. அதற்குமுன் கெடு தேதியை ஒருமுறை சரிபாருங்கள். பெரும்பாலான வரைவுகளில் 30 நாள், சிலவற்றில் 15 நாள் தரப்படுகிறது. அது பொதுவாகக் கர்நாடக அரசிதழில் வெளியான தேதியிலிருந்து கணக்காகிறதே தவிர, நாளிதழில் செய்தி வந்த நாளிலிருந்து அல்ல. அரசிதழ்ப் பக்கத்தில் ‘கரடு’ என்ற சொல்லைத் தேடுங்கள். தமிழில் மேடுபள்ளமான நிலத்தைக் குறிக்கும் அதே சொல், கன்னடத்தில் இன்னும் இழைத்து முடிக்காத நகலைக் குறிக்கிறது. கீழே ‘ஆக்ஷேபணெ’ (ஆட்சேபணை), ‘சலஹெ’ (ஆலோசனை) என்று வரும் பத்தியில்தான் கெடுவும் அனுப்பவேண்டிய முகவரியும் இருக்கும்.

மொழியைப் பற்றித் தயங்க வேண்டாம். குறை தீர்க்கக் கோரும் மனுவை, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் தரலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் கோப்பைக் கையாளும் எழுத்தர் தமிழ் படிப்பவராக இருப்பது அரிது என்பதால், தமிழ்க் கடிதத்தோடு கன்னடத்தில் ஒரு பக்கச் சுருக்கத்தையும் இணையுங்கள் என்பதே என் வேண்டுகோள். தெருவில் கன்னடம் எழுதத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவராவது கிடைப்பார்.

‘எங்கள் மொழியில் வெளியிடவில்லை, ஆகவே விதி செல்லாது’ என்ற வாதத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். ராம்பூர் நகராட்சி தண்ணீர் வரிக்கான வரைவை, சட்டம் கேட்டபடி இந்தி நாளிதழில் வெளியிடாமல் உருது நாளிதழில் வெளியிட்டது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளியிடுவது கட்டாயம், வெளியிடும் முறையில் நேர்ந்த பிழை வரியைச் செல்லாததாக்காது என்றுதான் தீர்த்தது. அடியோடு வெளியிடாமலே விடுவது வேறு: ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அபினிச் சட்டம் எங்கும் வெளியிடப்படாததால், அதன்கீழ் ஹர்லா என்பவருக்கு விதித்த 50 ரூபாய் அபராதம் 1951இல் நிற்கவில்லை.

இன்னொன்று. விதி செய்ய அதிகாரம் தரும் மூலச் சட்டத்தில் ‘முன்கூட்டி வெளியிட்ட பின்’ விதி செய்யவேண்டும் என்ற வாசகம் இருந்தால்தான் வரைவு வெளியிடுவது கட்டாயமாகும். அந்த வாசகம் இருக்கிறதா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: விதி வருகிறது, நடைமுறைப்படுத்த ஆளில்லை. இதையும் ஆட்சேபணையில் எழுதலாமா?

— சிவாஜிநகர் வாசகி

பதில்: எழுதவேண்டிய முதல் விஷயமே அதுதான். உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், ஆயிரக்கணக்கான மனுக்களைப் பார்க்க ஆய்வாளர், கணினி, மேசை எல்லாம் வேண்டும். புதிய பணியிடத்துக்கு நிதித் துறையின் இசைவும் வேண்டும். அது கிடைக்காதபோது, ஏற்கெனவே மூன்று வேலை பார்க்கும் ஒருவர் தலையில் நான்காவதும் ஏறுகிறது; வரிசையில் நிற்பவர் நாம். அரசுச் சேவைகளைக் குறித்த நாளுக்குள் தரவேண்டும் என்னும் கர்நாடகத்தின் 2011 சகாலா சட்டப்படி, அதில் சேர்க்கப்பட்ட சேவை தாமதமானால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு உண்டு. ஆனால் ஆளே இல்லாத அலுவலகத்தை அந்தத் தொகை நிமிர்த்திவிடாது. எனவே ‘எத்தனை பணியிடம், எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து நிதி, எத்தனை நாளில் முடிவு’ என்ற மூன்றையும் தனித்தனியே கேளுங்கள்.

விதிகள் பின்னர் சட்டமன்றத்தில் வைக்கப்படும். அவற்றை ஆராய ஒரு குழுவும் உண்டு. ஆகவே கடிதத்தின் நகலை உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். துறைக்கு நேரில் கொடுப்பதானால், உங்கள் நகலில் தேதி முத்திரை பெற்ற பிறகே திரும்புங்கள்.