ஹார்டுவேர் டெக்னீஷியன்களுக்குக் கான்ட்ராக்ட் வேலை ஏன் அமைவதில்லை? கேள்வி பதில்

சம்பளம் எவ்வளவு கேட்கலாம், எந்த கம்பெனி நல்லது என்று கேட்பவர்களுக்கு இங்கே பதில் இல்லை. வேலையைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி 1: ஆறு மாதமாக விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன். அசெம்பிளி, ஓஎஸ் இன்ஸ்டலேஷன், ட்ரபுள்ஷூட்டிங் எல்லாம் தெரியும் என்று ரெஸ்யூமேயில் போட்டிருக்கிறேன். ஒரு போன்கூட வரவில்லை.

பதில்: கோளாறு அந்த மூன்று வார்த்தைகளில்தான். கான்ட்ராக்டுக்கு ஆள் அனுப்புகிறவருக்கு உங்கள் அறிவைப் பற்றிக் கவலை இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஒரு கிளை அலுவலகத்துக்குப் போய், பழைய நெட்வொர்க் ஸ்விட்சைக் கழற்றிப் புதியதை மாட்டி, போட்டோ அனுப்பி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வர ஒரு ஆள் வேண்டும். அவர் தேடுவது அதைத்தான்.

ஆகவே செய்த வேலையை எண்ணிக்கையோடு எழுதுங்கள். 'டெஸ்க்டாப் மாற்றம், 120 மெஷின், மூன்று பேர், நான்கு நாள், சீரியல் எண் பட்டியலுடன் ஒப்படைப்பு.' 'இரண்டு 24 போர்ட் பேட்ச் பேனல், பஞ்ச் டவுன், டெஸ்டர் ரிப்போர்ட்டுடன்.' இப்படி நாலு வரி போதும். அதன் கீழே கையில் இருக்கும் கருவிகள்: கன்சோல் கேபிள், டோனர் (கேபிளைத் தேடிப் பிடிக்கும் கருவி), கேபிள் டெஸ்டர், லேபிள் பிரிண்டர். வண்டி உண்டா, எவ்வளவு தூரம் போவீர்கள், ராத்திரி வேலைக்கு வருவீர்களா என்பதும் இருக்கட்டும். நாளைக்கே ஆள் வேண்டும் என்கிறவர் முதலில் பார்ப்பது இந்தக் கடைசி வரியை.

இன்னொன்று. ரிப்பேர் என்ற வேலையே சுருங்கிவிட்டது. மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே சால்டர் ஆகி வருகிறது. சின்ன ஆபீஸ் சர்வர்கள் பல கிளவுடுக்குப் போய்விட்டன. வாரண்டி இருக்கும்வரை தயாரிப்பாளரின் ஆள்தான் வருவார். மிச்சம் இருப்பது மாட்டுவதும் மாற்றுவதும்: கேபிளிங், வைஃபை ஆக்சஸ் பாயின்ட், பில்லிங் டெர்மினல், கேமரா, மொத்தமாக மெஷின் மாற்றுவது. 'கம்ப்யூட்டர் சர்வீஸ்' என்று போட்டுக்கொண்டு இந்த வேலைக்குக் காத்திருந்தால் போன் வராது.

கேள்வி 2: காம்ப்டியா ஏ பிளஸ் சான்றிதழ் எடுத்தால் வேலை கிடைக்குமா?

பதில்: இரண்டு தேர்வு, மூன்று வருடம் செல்லுபடி. அனுபவமே இல்லாதவர் எடுக்கலாம், சில இடங்களில் அது இல்லாவிட்டால் முதல் வடிகட்டலிலேயே பெயர் போய்விடும். நாலைந்து வருடம் வேலை பார்த்தவர் அந்தப் பணத்தில் நல்ல கேபிள் டெஸ்டர் வாங்கட்டும்.

கேள்வி 3: வேலை தருகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்கிறார்கள்.

பதில்: கட்டாதீர்கள். 'டெபாசிட்', 'யூனிஃபார்ம்', 'டிரெய்னிங் கிட்' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் இதே பதில்.

கேள்வி 4: விண்டோஸ் 10 முடிந்துவிட்டதே, அந்த மெஷின் மாற்றும் வேலையெல்லாம் தீர்ந்துவிட்டதா?

பதில்: தீரவில்லை. 2025 அக்டோபர் 14-ல் சப்போர்ட் நின்றது. ஆனால் நிறுவனங்கள் காசு கட்டினால் 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கொள்ளலாம். அதனால் பலர் தவணை முறையில் மாற்றுகிறார்கள்.

ஆனால் எல்லா மெஷினையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. விண்டோஸ் 11-க்கு வேண்டிய டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்) இல்லை என்று விண்டோஸ் சொன்னாலும் பல மெஷின்களில் அது பயாஸில் அணைந்துதான் கிடக்கும். இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள். பிராசசர் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே என்றால் அனேகமாக மாற்றத்தான் வேண்டும். பழைய லெகசி பூட்டில் இருக்கும் மெஷினை யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்குக் கொண்டுபோக விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி கருவி இருக்கிறது. முதலில் வேலிடேட் (எதையும் மாற்றாத சோதனை) மட்டும் ஓட்டிப் பாருங்கள். டிஸ்கில் ஏற்கெனவே நாலு பிரைமரி பார்ட்டிஷன் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். பயாஸைத் தொடும் முன் பிட்லாக்கரை (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) சஸ்பெண்ட் செய்யுங்கள். இதை இன்றைக்கு இன்னும் சில முறை சொல்லப் போகிறேன்.

கேள்வி 5: ஒரு லேப்டாப்புக்கு மதர்போர்டு மாற்றினேன். ஆன் செய்ததும் 48 இலக்க எண் கேட்கிறது. கஸ்டமரிடம் அது இல்லை. இரண்டு நாளாகப் பணம் தரவில்லை.

பதில்: சொன்னேனே. பிட்லாக்கர் சாவியின் பூட்டு பழைய போர்டின் டிபிஎம்மில் இருந்தது. போர்டு போனால் அதுவும் போயிற்று. இனி அந்த 48 இலக்கம் ஒன்றுதான் வழி. ஆபீஸ் மெஷின் என்றால் அவர்களுடைய ஐடி அட்மின் டைரக்டரியில் தேடட்டும், சொந்த மெஷின் என்றால் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில். திரையில் ஒரு கீ ஐடி தெரியும். அதன் முதல் எட்டு எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் எண்ணை அடிக்காதீர்கள். ஒரே கணக்கில் நாலு மெஷினின் சாவி கிடக்கும்.

பழைய போர்டைத் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்தால் அதிர்ஷ்டம். அது கொஞ்சமாவது பூட் ஆகிறது என்றால் மறுபடி மாட்டி, விண்டோஸுக்குள் போய் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிட்டு மாற்றலாம்.

புதிய போர்டின் பயாஸில் சீரியல் எண்ணையும் மாடல் எண்ணையும் எழுதினீர்களா? வெறும் போர்டாக விட்டுவந்தால் வாரண்டி சாஃப்ட்வேரும் ஆபீஸ் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேரும் அதை வேறு மெஷினாக நினைக்கும். அடிக்கும்போது லேபிளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடியுங்கள். தப்பாகப் போனதைத் திருத்துவது பெரும்பாடு.

கேள்வி 6: மெஷினுக்கு இவ்வளவு என்று ஃப்ளாட் ரேட் பேசுவதா, மணிக்கணக்கா? 40 டெஸ்க்டாப் மாற்றும் வேலை வந்திருக்கிறது.

பதில்: மெஷின் மாற்றம் என்றால் ஃப்ளாட், கோளாறு பார்ப்பது என்றால் மணிக்கணக்கு. உங்கள் வேலைக்குக் கணக்குப் போடுவோம். பெட்டி பிரிக்க 5 நிமிடம், பழையதைக் கழற்ற 5, புதியதை மாட்ட 5, லாகின், பிரிண்டர் சோதிக்க 10, சீரியல் எண், லேபிள், போட்டோ 5, பழையதைக் கட்டிவைக்க 5. கை வேலை 35 நிமிடம். இமேஜ் (தயாராக வைத்த விண்டோஸ் பிரதி) ஏற 40 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்தால் 50 மணி நேரம். முந்தின நாளே நெட்வொர்க்கில் எல்லாவற்றுக்கும் இமேஜ் ஏற்றி வைத்தால் 23 மணி 20 நிமிடம். ஃப்ளாட் ரேட்டில் இந்த வித்தியாசம் உங்களுடையது.

இடையில் ஒருவர்: சார், இந்தக் கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கிறது. பழைய மெஷினில் இருக்கிற ஃபைல்களை யார் மாற்றுவது? அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பதில்: அது ஸ்கோப்பில், அதாவது ஒப்புக்கொண்ட வேலைப் பட்டியலில், எழுதியிருந்தால்தானே செய்ய வேண்டும்?

அவரே: எழுதியிருக்காது, அங்கே போனதும் செய்யச் சொல்வார்கள். ஒருவருடைய டெஸ்க்டாப்பில் 200 ஜிபி. யுஎஸ்பி 3 டிஸ்கில் எடுத்தால் அரை மணிக்கு மேல் ஆகும். நெட்வொர்க்கில் எடுத்தால், அந்தச் சுவரில் இருக்கும் பழைய கேபிளில் நாலு கம்பிதான் சரியாக இருக்கிறது என்று வையுங்கள், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும் என்பதால் லிங்க் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். ஐந்து மணி நேரம். ஃப்ளாட் ரேட்டில் அந்த ஐந்து மணி யாருடையது?

பதில்: நியாயம். கேபிளை நான் கணக்கில் எடுக்கவில்லை. அப்படியானால் ஃப்ளாட் ரேட்டோடு மூன்று வரியை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, டேட்டா மாற்றம் சேராது, அல்லது ஒரு மெஷினுக்கு இத்தனை ஜிபி வரை. இரண்டு, என் தவறில்லாமல் 15 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் மணிக்கணக்கு. மூன்று, ஆள் இல்லாமலோ பூட்டியிருந்தோ திரும்பி வந்தால் குறைந்தது இரண்டு மணிக்கான தொகை.

அவரே: இதையெல்லாம் எழுதித் தருகிறவர் முதலிலேயே மணிக்கணக்கில் தந்துவிடுவார்.

மற்றொருவர்: மணிக்கணக்கில் போனால் மட்டும் என்ன? 'ஒரு மணி வேலைக்கு மூன்று மணி ஏன்' என்று பில்லை வெட்டுவார்கள். உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் தாளில் கையெழுத்தாக இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

பதில்: இவர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 40 மெஷினுக்கு நான் சொன்னது இன்னும் ஃப்ளாட்தான். முதல் நாள் இரண்டு மெஷின் மட்டும் செய்து நேரம் எடுத்துப் பாருங்கள், பிறகு ரேட் பேசுங்கள்.

கேள்வி 7: நிறைய இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பியும் பதில் வருவதில்லை, என்ன செய்யலாம்?

பதில்: கேள்வி 1-ன் பதிலைப் பாருங்கள்.

கேள்வி 8: கேமரா மாட்டிக் கொடுத்தேன். பகலில் சரியாக ஓடுகிறது, இருட்டினால் அணைந்து அணைந்து எரிகிறது. கேமராவும் மாற்றியாயிற்று, பிஓஇ ஸ்விட்சும் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் கொடுப்பது) மாற்றியாயிற்று.

பதில்: கேபிளை மாற்றினீர்களா? இருட்டினால் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும், அப்போதுதான் மின்சாரம் அதிகம் இழுக்கும். சாதாரண பிஓஇயில் ஸ்விட்ச் 15.4 வாட் கொடுத்தால் கேமராவுக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். மீதி கேபிளுக்கென்று விட்ட கணக்கு, அதுவும் முழுச் செம்புக் கேபிளுக்கு. மிச்சத் துண்டில் ஒரு கம்பியின் பிளாஸ்டிக்கை உரித்து, பிளேடால் மேலே சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாகப் பளபளத்தால் செம்பு பூசிய அலுமினியம். அதன் தடை அதிகம், நீளம் கூடக் கூட வோல்டேஜ் விழும். வளைக்கிற இடத்தில் முறியவும் செய்யும். மலிவாகக் கிடைக்கிறது என்று இதை வாங்கினால் மறுபடி சும்மா போய்ச் செய்துகொடுக்கிற வேலைதான் மிஞ்சும்.

அப்படியே, கனெக்டரில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். இரண்டு முனையும் ஒரே வரிசையில் இருக்கட்டும், டி568பி என்ற நிற வரிசை என்றால் இரண்டும் அதுவே.

கேள்வி 9: வேலை முடித்து 60 நாளாகிறது, இன்வாய்ஸ் பாஸ் ஆகவில்லை.

பதில்: உங்களுக்கு வேலை கொடுத்தவர் இன்னொருவரிடம் வாங்கியவர், அவர் இன்னொருவரிடம். மேலே பணம் வந்தால்தான் கீழே என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இன்வாய்ஸ் எதனால் நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். முக்கால்வாசி நேரம் வேலை எண் இல்லை, கையெழுத்து இல்லை, கழற்றிய பொருளின் சீரியல் எண் இல்லை என்றுதான் பதில் வரும்.

கேள்வி 10: கேமிங்குக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு நல்லது?

பதில்: வேறு இடத்தில் கேளுங்கள்.

கேள்வி 11: ட்ரெய்னிங் கிட்டுக்குப் பணம் கேட்கிறார்கள், திருப்பித் தருவதாகச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கேள்வி 3-ன் பதில்தான். திருப்பித் தர மாட்டார்கள்.

கேள்வி 12: டேட்டா சென்டரில் முதல் முறை போகிறேன். டிஸ்க் ஒன்றை மாற்ற வேண்டுமாம், ரெய்டு 5. சுலபம்தானே?

பதில்: கை வேலை ஒரு நிமிடம்தான். ரெய்டு 5 என்பது பல டிஸ்கைச் சேர்த்த அமைப்பு, ஒன்று போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. தப்பான டிஸ்கை உருவினால் ஏற்கெனவே ஒன்று போன ரெய்டு 5 மொத்தமாக விழும். ஆகவே 'மூன்றாவது ஸ்லாட்' என்று போனில் சொன்னால் கை வைக்காதீர்கள். ஸ்லாட்டை பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவர்களும் உண்டு, ஒன்றிலிருந்து எண்ணுகிறவர்களும் உண்டு. தூரத்தில் இருக்கும் அட்மினை அந்த டிஸ்கின் விளக்கை மின்னவிடச் சொல்லுங்கள். மின்னுவதை போட்டோ எடுத்து அனுப்பி, 'இதுதான்' என்று எழுத்தில் வந்தபிறகு தாழ்ப்பாளைத் திறங்கள். பாதி இழுத்து, சுழல்வது நிற்க அரை நிமிடம் விட்டுவிட்டு முழுதாக எடுங்கள். புதியது அளவில் பழையதைவிடக் குறையக் கூடாது. மாட்டியபின் ரீபில்ட் (புதிய டிஸ்கில் டேட்டாவை மறுபடி எழுதுவது) தொடங்கிவிட்டது என்று அவர் சொல்லும்வரை கிளம்பாதீர்கள். பழைய டிஸ்கை யாரிடம் ஒப்படைப்பது என்று போகும் முன்பே கேட்டுவையுங்கள், பைக்குள் போட்டு வந்துவிடாதீர்கள்.