சோவியத் ஒன்றியத்தையும் மேற்கு நாடுகளையும் பற்றி ஒரு மாணவர் சாய்வில்லாமல் எழுத முடியுமா?

முதுகலை வரலாறு படிப்பதாகவும், சோவியத்–மேற்கு உறவுகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை ‘சோவியத் சார்பு’ என்று சொல்லி வழிகாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் சொல்லி, சாய்வில்லாமல் எழுத முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தமிழ்வழியில் படித்தவராக, மாஸ்கோவில் அச்சான பழைய தமிழ்ப் புத்தகங்களை வாசித்து வளர்ந்தவராக இருக்கக்கூடும் என்று எண்ணுகிறேன். நான் அப்படி வளர்ந்தவள்; 2003-இல் அதே குற்றச்சாட்டை ஒரு வகுப்பு முழுவதன் முன்னால் நின்று கேட்க நேர்ந்தவள்.

என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. அவருடைய அலமாரியில் பாதிக்கு மேல் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகத்தின் வெளியீடுகளே இருந்தன. கெட்டி அட்டை, பிரியாத கட்டு, ஒரு கூலிக்காரர் யோசிக்காமல் வாங்கக்கூடிய விலை. ‘சோவியத் நாடு’ இதழின் வழவழப்பான தாளில்தான் என் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட்டுத் தருவார். அந்தப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் வாசகர்களின் கருத்தைக் கேட்டு, மாஸ்கோ, ஸூபவ்ஸ்கி புல்வார், எண் 17 என்று முகவரி போட்டிருப்பார்கள்; சிறுமியாக இருந்தபோது அதை மனப்பாடமாகச் சொல்வேன்.

அந்த வகுப்பின் கருத்தரங்குக்கு நான் எடுத்துக்கொண்டது, இரண்டாம் உலகப் போர் மூண்டதில் சோவியத் ஒன்றியத்தின் பங்கு. 1938 செப்டம்பரில் மியூனிக்கில் பிரிட்டனும் பிரான்சும் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்தபோது சோவியத்தை அழைக்கவே இல்லை என்பதை எழுதினேன். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், போர் வாசலுக்கு வந்துவிட்ட வேளையில், பிரிட்டனும் பிரான்சும் ஹிட்லருக்கு எதிராகச் சோவியத்துடன் உடன்பாடு பேசத் தங்கள் இராணுவக் குழுவை விமானத்தில் அனுப்பாமல் மெதுவாகச் செல்லும் ஒரு கப்பலில் லெனின்கிராடுக்கு அனுப்பியதையும், பிரிட்டிஷ் குழுவின் தலைவரான அட்மிரல் டிராக்ஸிடம் உடன்பாட்டில் கையெழுத்திடும் எழுத்துபூர்வ அதிகாரம் இல்லாதிருந்ததையும் எழுதினேன். ஆகவே 1939 ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மனியுடன் சோவியத் செய்துகொண்ட, ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்ற ஒப்பந்தம் கால அவகாசம் வேண்டி எடுத்த, வேறு வழியற்ற முடிவு என்று முடித்தேன். அந்தப் பதினான்கு பக்கங்களில் இருந்த தகவல் எதுவும் பொய்யல்ல. இன்றும் அதைச் சொல்வேன்.

ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘செப்டம்பர் 17 எங்கே?’ 1939-இல் அந்த நாளில்தான் சோவியத்தின் செஞ்சேனை கிழக்குப் போலந்துக்குள் நுழைந்தது. அந்த ஒப்பந்தத்துக்கு ஓர் இரகசிய இணைப்பு இருந்தது; போலந்தை ஆறுகளை எல்லையாக வைத்துப் பங்கு பிரித்தது; பின்லாந்து, எஸ்தோனியா, லாத்வியா ஆகியவற்றைச் சோவியத்தின் செல்வாக்கு வட்டத்துக்குள் தள்ளியது. ஜெர்மன் வெளியுறவுத் துறையிலிருந்து கிடைத்த படியை 1948-லேயே அமெரிக்க அரசு வெளியிட்டுவிட்டது. மாஸ்கோ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்து, 1989 டிசம்பரில்தான் சோவியத் நாடாளுமன்றமான மக்கள் பிரதிநிதிகள் மாநாட்டில் அதை ஒப்புக்கொண்டு கண்டித்தது. எங்கள் அலமாரியில் இருந்தவை அதற்கு முன்பு அச்சானவை. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர், ‘இது வரலாறு இல்லை, பிரச்சாரம்’ என்றார். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த இரகசிய இணைப்பைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். ‘அது அமெரிக்காக்காரன் கட்டின கதைன்னுதாம்மா எங்களுக்குச் சொன்னாங்க’ என்றார். நூலகத்தில் படியெடுத்து வந்த பக்கங்களை அவருக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். இரவு சாப்பிட்ட பிறகு, நான் மேற்கோள் காட்டியிருந்த புத்தகத்தை எடுத்து, வாசகர் கருத்தைக் கேட்கும் அந்தக் கடைசிப் பக்கத்தில், பென்சிலால் 23.8.1939, 17.9.1939, 24.12.1989 என்று மூன்று தேதிகளை எழுதிவைத்தார். வேறு எதுவும் சொல்லவில்லை.

என் கட்டுரையைப் பிரச்சாரம் என்று சொன்ன அந்த மாணவரின் கட்டுரையையும் பிறகு வாங்கிப் படித்தேன். ஆங்கில வழிகாட்டி நூல்களைக் கொண்டு எழுதியது. சோவியத்தின் சந்தேக மனப்பான்மையைப் பற்றி நான்கு பக்கங்கள் இருந்தன. 1918-இல் பிரிட்டிஷ், அமெரிக்க, பிரெஞ்சுப் படைகள் வட ரஷ்யத் துறைமுகமான அர்ஹாங்கெல்ஸ்கில் இறங்கியதையும், முதல் உலகப் போர் முடிந்த பிறகும் அந்தக் குளிர்காலம் முழுவதும் அங்கே செஞ்சேனையோடு சண்டையிட்டதையும் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அமெரிக்கா 1933 வரை சோவியத் அரசை அங்கீகரிக்கவே இல்லை என்பதும் இல்லை. என் கட்டுரையிலும் இப்படி விடுபட்டவை வேறு இருந்தன: 1922-இல் பஞ்ச காலத்தில் அமெரிக்க நிவாரண அமைப்பு நாள்தோறும் ஒரு கோடி சோவியத் மக்களுக்கு உணவு கொடுத்தது, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா சோவியத்துக்கு அனுப்பிய லாரிகளும் ஜீப்புகளும் மட்டுமே சுமார் 4 லட்சம்.

இதைப் படித்துவிட்டு, ‘இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்கிறாயா?’ என்று சிலர் வரக்கூடும். இல்லை. மெதுவாகச் சென்ற கப்பலும், 1940-இல் காத்தின் காட்டிலும் மற்ற இடங்களிலும் ஏறக்குறைய 22,000 போலந்துக் கைதிகளைச் சோவியத் சுட்டுக் கொன்றதும் ஒரே தராசில் வைக்கக்கூடியவை அல்ல. அதேபோல, காத்தினைச் சொல்லிவிட்டால் போரில் இறந்த ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் சோவியத் மக்களை மறந்துவிடலாம் என்றும் ஆகாது. நான் சொல்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு தரப்பும் எதைப் பேசாமல் விட்டது என்பதையும் கட்டுரைக்குள் கொண்டுவர வேண்டும்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. சார்பு என்று எங்களைச் சொன்னவர்கள், தமிழில் படிக்க எங்களுக்கு வேறு என்ன இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு தரப்பு எங்கள் மொழியில், எங்கள் கைக்கு எட்டும் விலையில் பேசியது; மறு தரப்பின் ஆவணங்கள் இன்றுவரை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. அதற்கான பழியை மாணவர் தலையில் போடுவது நியாயமில்லை.

உங்கள் கட்டுரையைத் திருத்தும்போது 1946-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கிப் பாருங்கள். பிப்ரவரியில் மாஸ்கோவிலிருந்து அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கென்னன் வாஷிங்டனுக்கு நீண்ட தந்தி ஒன்றை அனுப்பினார். செப்டம்பரில் அமெரிக்காவுக்கான சோவியத் தூதர் நோவிகோவ் மாஸ்கோவுக்கு ஒன்றை அனுப்பினார். எதிராளி விரிவாக்க வெறி கொண்டவர் என்றே இருவரும் எழுதினார்கள். முதலாவதில் இருந்த கருத்துகள் அடுத்த ஆண்டே ஒரு கட்டுரையாக வந்து உலகறியப் பேசப்பட்டன. இரண்டாவது சோவியத்தின் கடைசி ஆண்டுகளில்தான் வெளிவந்தது. இரண்டும் இணையத்தில் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அகராதியோடு, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு படியுங்கள். பிறகு முதல் பத்தியை எழுதுங்கள்.