பயப்பட்டால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா? கடவுளை நம்பிக்கொண்டே விழித்திருப்பது எப்படி?

அன்றாடப் பயங்களுக்கு நடுவே ஒரு கிறிஸ்தவர் கடவுளை எப்படி நம்புவது, அதே நேரம் ஆவிக்குரிய விழிப்போடு எப்படி இருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் முரணாகத் தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்: நம்பினால் நிம்மதியாகத் தூங்க வேண்டும், விழித்திருக்கச் சொன்னால் எப்படித் தூங்குவது? இந்தக் கேள்வியோடு நானும் நெடுநாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். எனக்குத் தெளிவு கிடைத்த இடத்திலிருந்தே சொல்கிறேன்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. காலையில் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, காதுக்குக் கீழே, கழுத்தின் இடது பக்கத்தில், பட்டாணி அளவில் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். வலிக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மருத்துவர் ஊசி வழியாகத் திசு எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். முடிவு வர ஆறு நாள் ஆகும் என்றார்.

முதல் ஐந்து இரவுகளும் நான் தூங்கவில்லை. போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு, கட்டியின் அளவு, தன்மை, வயது என்று தேடித்தேடி வாசித்தேன். மூன்று மணிக்கு எழுந்துபோய், தூங்குகிற பிள்ளையின் கழுத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன். நேற்றைவிடப் பெரிதாகிவிட்டதோ? அவள் புரண்டு படுத்தால் கையை இழுத்துக்கொள்வேன். ஜெபிக்காமல் இல்லை. "ஆண்டவரே, ஒன்றும் இருக்கக் கூடாது, ஒன்றும் இருக்கக் கூடாது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஆமென் சொன்ன கையோடு விரல் மறுபடியும் செல்போனுக்குப் போய்விடும்.

பகலில் நான் எப்படி இருந்தேன் என்பதைப் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். எந்தப் பிள்ளைக்காக இரவெல்லாம் அழுதேனோ அதே பிள்ளையை, தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாள் என்பதற்காக அறைந்தேன். போனில் விசாரித்த அம்மாவிடம் "எல்லாரும் சுகமாக இருக்கிறோம்" என்று பொய் சொன்னேன். யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை. இந்த மனிதரால் எப்படித் தூங்க முடிகிறது என்று கணவர்மேல் உள்ளுக்குள் ஒரு கசப்பு ஊறியது. கண்ணை மூடாமல் வாசலில் காவல் இருந்தேன். பின்பக்கமாக என்னென்னவோ வீட்டுக்குள் நுழைந்துவிட்டிருந்தன.

ஐந்தாம் நாள் இரவு வேதத்தைத் திறந்தபோது கண்ணில் பட்டது கெத்செமனே, இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த தோட்டம். அதுவரை எத்தனையோ முறை வாசித்த பகுதிதான். சீஷர்கள் தூங்கிப்போனதற்கு உடல் களைப்புதான் காரணம் என்று நினைத்திருந்தேன். லூக்கா வேறு காரணம் சொல்கிறார். இயேசு ஜெபித்துவிட்டு வந்தபோது அவர்கள் "துக்கத்தினாலே நித்திரைபண்ணுகிறதைக்" கண்டார் என்கிறார் (லூக்கா 22:45). துக்கமும் கலக்கமும் ஒரு மனிதனைத் தூங்கவைத்துவிடும். என்னை அது வேறு விதமாகத் தூங்கவைத்திருந்தது. கண் திறந்திருந்தது, உள்ளே இருந்தவள் உறங்கிப்போயிருந்தாள்.

அந்த இரவில் பயந்தவர்கள் சீஷர்கள் மட்டுமில்லை. இயேசுவே "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு எழுதுகிறார் (14:33). ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: பயம் வருவது விசுவாசம் இல்லை என்பதற்கு அடையாளமே கிடையாது. பயப்படுகிறவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பிரசங்கங்களைக் கேட்டால் எனக்கு மனம் நோகிறது. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்றுதான் சங்கீதக்காரன் பாடினான் (56:3). அப்படி ஒரு நாள் தன் வாழ்க்கையில் வரும் என்பதை அவன் ஒப்புக்கொண்டுதான் பாடுகிறான். வேதாகமத்தில் "பயப்படாதே" என்ற சொல் சரியாக 365 முறை, நாளுக்கு ஒன்றாக, வருகிறது என்று பலர் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது. அது தேவையும் இல்லை. ஒரே ஒரு முறை அவர் சொல்லியிருந்தாலும் போதுமே.

பயம் வந்த பிறகு எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே தோட்டத்தில், ஒரே இரவில், இயேசு தம் திகிலைப் பிதாவிடம் கொண்டுபோனார். மூன்று நண்பர்களையும் பக்கத்தில் அழைத்து, "நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்" என்று கேட்டார். நான் அம்மாவிடம் மறைத்ததை நினைத்துப் பாருங்கள். தேவகுமாரனே தமக்குத் துணை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். நான் யாரிடமும் கேட்காமல் இருந்ததைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேதுருவைப் பாருங்கள். "சீமோனே, நித்திரைபண்ணுகிறாயா? ஒரு மணி நேரம் நீ விழித்திருக்கக் கூடாதா?" என்று பெயர் சொல்லிக் கேட்கப்பட்டவர் அவர். அந்த ஒரு மணி நேரத்தைத் தூங்கிக் கழித்தவர், விடிவதற்குள் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்குப் பயந்து ஆண்டவரை மறுதலித்தார். "சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று சொல்லப்பட்டதன் அர்த்தம் அப்போது அவருக்கு உறைத்திருக்கும். சிலுவையைத் தடுப்பதற்காக அவர்களை விழித்திருக்கச் சொல்லவில்லை. சிலுவை வரத்தான் போகிறது. அது வரும்போது அவர்கள் இடறிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னார். இந்த வேறுபாடு எனக்குப் பிடிபடப் பல வருடங்கள் ஆயின. வரப்போகிற ஆபத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதை விழிப்பு என்று நினைத்திருந்தேன். ஆபத்து வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு நடுவில் என் இருதயம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆண்டவர் கேட்ட விழிப்பு.

இதே பேதுரு பிற்காலத்தில் எழுதிய நிருபத்தில், நீங்கள் முரண் என்று நினைக்கிற இரண்டையும் அடுத்தடுத்த வசனங்களில் வைக்கிறார். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" (1 பேதுரு 5:7). அடுத்த வரியே, "தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள்." அதன்பின் கெர்ச்சிக்கிற சிங்கம் வருகிறது. இரண்டு கையிலும் சுமை வைத்திருக்கிறவன் காவல் காக்க முடியாது. முதலில் சுமையை இறக்கு, பிறகு காவலுக்கு நில் என்கிறார் என்றே நான் இதை வாசிக்கிறேன். "வைத்துவிடுங்கள்" என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல், எறிந்துவிடுவதைக் குறிப்பது. கழுதைக்குட்டியின்மேல் சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைப் போட்டார்கள் என்று லூக்கா 19:35 சொல்லும் இடத்திலும் அதே சொல்தான். வஸ்திரத்தைப் போட்டவர்கள் அதன் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடவில்லை. நான் ஜெபித்துவிட்டுச் செல்போனைத் தேடியபோதெல்லாம் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதற்கு முந்தின ஆறாம் வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். "அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்" என்கிறது. கவலையை அவரிடம் போடுவதும் தாழ்மையின் ஒரு செயல் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. நான் கண் விழித்திருந்தால்தான் பிள்ளை பிழைப்பாள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தேனே, அதற்குள் ஒரு பெருமை ஒளிந்திருந்தது. இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை, தூங்குகிறதுமில்லை என்று சங்கீதம் 121 சொல்கிறது. அந்த வேலையில் நான் போய் உட்காரத் தேவையில்லை.

விழித்திருப்பது என்ற பெயரில் எதிலும் பிசாசைத் தேடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தலைவலி வந்தால் சாத்தான், பஸ் தவறினால் சாத்தான், பக்கத்து வீட்டுக்காரர் முறைத்தால் சாத்தான். இது இன்னொரு வகைப் பயம், அதற்கு ஆவிக்குரிய பெயர் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பேதுரு முதலில் கேட்பது தெளிந்த புத்தியை. என் வாழ்க்கையில் சிங்கம் கட்டியின் உருவத்தில் வரவில்லை. நான் பிள்ளையை அறைந்த கையிலும், அம்மாவிடம் சொன்ன பொய்யிலும், கணவர்மேல் ஊறிய கசப்பிலும்தான் அதன் காலடித் தடத்தைப் பார்த்தேன்.

இனி கஷ்டமான பகுதி. மகளின் முடிவு நல்லபடியாக வந்தது, சாதாரண நெறிக்கட்டி. ஆனால் அதற்கு மூன்று வருடம் முன்பு அப்பாவுக்கும் இப்படித்தான் காத்திருந்தோம், இப்படித்தான் ஜெபித்தோம். அது நல்லபடியாக வரவில்லை. ஏழு மாதத்தில் அவரை அடக்கம் செய்தோம். கடவுளை நம்பினால் நாம் பயப்படுகிறது நடக்காது என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுங்கள். அதிகாரத்தின் தொடக்கத்தில் ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொல்கிறான். கெத்செமனேயில் பேதுருவோடு இருந்த மூவரில் ஒருவரான அதே யாக்கோபு. அதே அதிகாரத்தில் சிறையில் இருந்த பேதுருவைத் தூதன் வந்து விடுவிக்கிறான். யாக்கோபின் விசுவாசம் ஒரு படி குறைவு என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. ஏன் ஒருவர் போனார், ஒருவர் தப்பினார் என்றும் சொல்லவில்லை. அப்பா கடைசி வாரத்தில் என்னிடம் ஒன்று சொன்னார்: "பயமாகத்தான் இருக்கிறது, மகளே. ஆனால் தனியாக இல்லை." நம்பிக்கை என்ற சொல்லுக்கு அதைவிடச் சரியான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

நடைமுறையில் நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். பயம் வந்தால் அதை ஒரே வாக்கியத்தில் எழுதுகிறேன். "மனம் சரியில்லை" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. "வேலை போய்விடும், வீட்டுக் கடனைக் கட்ட முடியாது" என்று முழுதாக எழுத வேண்டும். பெயர் வைக்காத பயம் இருட்டில் பெரிதாகத் தெரியும். பிறகு அதில் என் கை செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அதைச் செய்கிறேன். நெகேமியா எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்டியபோது எதிரிகள் மிரட்டினார்கள். "எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, அவர்களினிமித்தம் இரவும்பகலும் ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம்" என்று எழுதுகிறார் (4:9). ஜெபமும் உண்டு, காவலாளும் உண்டு. மதில் 52 நாளில் முடிந்தது. மருத்துவரிடம் போவதும், கணக்குப் பார்ப்பதும், கதவைப் பூட்டுவதும் அவிசுவாசம் இல்லை. மீதி இருப்பது என் கைக்கு மேலே உள்ளது. அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்கிறேன். ஒரு மணி நேரத்தில் அது திரும்பி வந்தால் திரும்பவும் ஒப்படைக்கிறேன். சலிப்பில்லாமல் கேட்கிறவர் அவர்.

இரவில் செல்போன் படுக்கையறைக்குள் வராது. சின்ன விஷயம்தான், ஆனால் எனக்கு அதுவே விழித்திருப்பதன் பாதி. படுக்கும் முன், இன்றைக்குப் பயத்தினால் யாரைக் காயப்படுத்தினேன் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். ஆள் ஞாபகம் வந்தால் மறுநாள் காலை மன்னிப்புக் கேட்கிறேன். அந்த ஐந்தாம் நாளுக்கு மறுநாள் காலை முதலில் மன்னிப்புக் கேட்டது மகளிடம்தான். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். "பைத்தியமே, இதை ஐந்து நாளாகத் தனியாகச் சுமந்தாயா?" என்று அழுதார். அன்று மாலை சபையில் நான்கு பேர் சேர்ந்து ஜெபித்தார்கள். முடிவு இன்னும் வந்திருக்கவில்லை. ஆனாலும் அன்று இரவு தூங்கினேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பயம் வாரக்கணக்கில் விடாமல் நெஞ்சை அடைத்தால், தூக்கமும் பசியும் போய்விட்டால், வாழவே வேண்டாம் என்று தோன்றினால், உடனே ஒருவரிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக விரும்பியபோது, ஆண்டவர் முதலில் அனுப்பியது உபதேசத்தை அல்ல. தூங்கவிட்டார், சாப்பாடு கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் சாப்பாடு கொடுத்தார் (1 இராஜாக்கள் 19). மருந்து சாப்பிடுகிறவரை விசுவாசம் குறைந்தவர் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நம்பினால் தூங்க வேண்டுமா, விழித்திருக்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். கெத்செமனே நடந்து ஏறக்குறைய பத்து வருடம் ஆன பிறகு, மறுநாள் தன்னை ஜனங்களுக்கு முன்பாகக் கொண்டுவர ஏரோது குறித்திருந்த இரவில், பேதுரு இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு இரண்டு சேவகர் நடுவே தூங்கிக்கொண்டிருந்தார். தூதன் விலாவில் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. எழுந்ததும் தூதன் சொல்வது, "உன் அரையைக் கட்டி, உன் பாதரட்சைகளைத் தொடுத்துக்கொள்." அப்படியென்றால் இடைக்கச்சையை அவிழ்த்து, செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். வேறொரு வீட்டில் சபை விழித்திருந்து ஜெபித்துக்கொண்டிருந்தது. விழித்திருக்க வேண்டிய இரவில் தூங்கிப்போன அதே மனிதர், தூக்கமே வரக் கூடாத இரவில் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுத் தூங்குகிறார். அவருக்காக ஜெபித்தவர்களுக்கும் முழு நம்பிக்கை இருந்ததாகச் சொல்ல முடியாது. பேதுரு வாசலில் நிற்கிறார் என்று ரோதை என்ற வேலைக்காரப் பெண் ஓடிவந்து சொன்னபோது, "நீ பிதற்றுகிறாய்" என்றுதான் சொன்னார்கள். அந்த அரைகுறை நம்பிக்கையோடு ஏறெடுத்த ஜெபத்தையும் ஆண்டவர் கேட்டார்.

உங்களுக்கு எதைக் குறித்துப் பயம் என்று நீங்கள் எழுதவில்லை. எழுத வேண்டும் என்பதும் இல்லை. உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். பத்து மணிக்கு நான் முழங்கால்படியிடும்போது, பெயர் தெரியாவிட்டாலும் உங்களையும் சேர்த்துக்கொள்கிறேன். அந்த நேரத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தால் எனக்குச் சந்தோஷம்.