கடனில் இருப்பவரிடம் பழைய கார் வாங்கலாமா?

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் தன் காரை விற்கிறார். வண்டி நன்றாக இருக்கிறது, விலையும் குறைவு. ஆனால் அவருக்கு ஊரெல்லாம் கடன் என்கிறார்கள். நான் வாங்கினால் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் என்னிடம் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போக முடியுமா?

வாங்கலாம். நானே வாங்கியிருக்கிறேன், இன்றும் அந்த ஸ்விஃப்ட்டைத்தான் ஓட்டுகிறேன். ஆனால் பணம் கொடுத்த நாளிலிருந்து ஆர்.சி.யில் என் பெயர் ஏற ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. அதில் பட்ட பாட்டைச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

2022-இல் நூல் விலை கண்டபடி ஏறிக்கொண்டிருந்த சமயம். திருப்பூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒருவர் சின்னதாக பனியன் கம்பெனி வைத்திருந்தார். முன்பே பேசிய விலைக்கு ஆர்டர் எடுத்துவிட்டு, ஏறிய விலைக்கு நூல் வாங்கித் தைத்துக் கொடுத்ததில் கை முழுக்கக் கடன். காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். 3,40,000-க்குப் பேசி முடித்தோம். வண்டி மேல் பேங்க் லோன் இன்னும் பாக்கி இருந்தது.

அவர் சொன்ன யோசனை இது: "தம்பி, நீங்க மொத்தப் பணத்தையும் குடுத்துருங்க. வண்டிய எடுத்துட்டுப் போங்க. டியூவ நான் மாசாமாசம் கட்டிர்றனுங்க, முடிஞ்சதும் எழுதிக்கலாம்."

உங்களிடமும் யாராவது இப்படிச் சொன்னால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், இவரும் நல்லவர்தான். ஆனால் கையில் பணம் இருக்கும்போது யார் சத்தமாகக் கேட்கிறார்களோ அவர்களுக்குத்தான் முதலில் போகும். பேங்க் டியூ கடைசியில் நிற்கும். மூன்று டியூ நின்றால் வண்டியைச் சீஸ் செய்ய ஆள் வருவான். அவனிடம் "நான் முழுப் பணம் கொடுத்து வாங்கியவன்" என்று சொல்லிப் பயனில்லை. ஆர்.சி.யில் எச்.பி. (லோனுக்கு வண்டி அடமானம் என்ற பதிவு) இருக்கும்வரை வண்டி யார் கையில் இருந்தாலும் ஃபைனான்ஸ் கொடுத்தவனுடைய பிடி அதன் மேல் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 51-ஆம் பிரிவின்படி, எச்.பி. உள்ள வண்டியை லோன் கொடுத்தவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றவே முடியாது. டியூ கட்டாததால் வண்டியை எடுத்துவிட்டால் தங்கள் பெயருக்கே புது ஆர்.சி. கேட்கவும் அதே பிரிவில் வழி இருக்கிறது.

ஆக, நீங்கள் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, கடன் ஆள் மேல் இருக்கிறதா, வண்டி மேல் இருக்கிறதா என்பதை. ஆள் மேல் இருக்கிற கடன் எத்தனை லட்சமானாலும் அது வண்டியோடு சேர்ந்து உங்களிடம் வராது. வண்டி மேல் இருக்கிற கடன் ஆயிரம் ரூபாயானாலும் வரும்.

எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் ஃபைனான்ஸ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை, பிளாக்லிஸ்ட்டில் போட்டிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. இ-சலான் பாக்கியையும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள், பெயர் மாற்றும்போது அதுவும் குறுக்கே நிற்கும்.

ஆனால் அதில் தெரியாத ஒரு கடன் உண்டு. நம் ஊர்ப் பக்கம் அவசரத்துக்கு வட்டிக்குக் கொடுப்பவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கெல்லாம் போவதில்லை. ஒரிஜினல் ஆர்.சி., இன்னொரு சாவி, பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் ஃபாரங்களில் வெறும் கையெழுத்து எல்லாவற்றையும் வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆன்லைனில் பார்த்தால் வண்டி சுத்தமாக இருக்கும். விற்பவர் "ஆர்.சி. தொலைஞ்சு போச்சுங்க, டூப்ளிகேட் போட்டுக்கலாம்" என்பார். காவல்துறை இணையதளத்தில் காணாமல் போன ஆவணம் என்று பதிந்து சான்றும் எடுத்துக் கொடுத்துவிடுவார். கடனில் இருப்பவருக்கும் ஆர்.சி. தொலைவதற்கும் எப்படியோ ராசி அதிகம். ஒரிஜினல் ஆர்.சி.யும் இரண்டு சாவியும் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பத்து வருஷ வண்டியில் ஒரு சாவி நிஜமாகவே தொலைந்திருக்கலாம். ஆனால் ஆர்.சி.யும் இல்லை, இன்னொரு சாவியும் இல்லை என்றால் அது எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அவர் யோசனைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் பேங்குக்குப் போய் லோனை மொத்தமாக முடிக்க எவ்வளவு என்று ஃபோர்குளோஷர் லெட்டர் வாங்கினோம். 1,62,400. அந்தத் தொகையை என் கணக்கிலிருந்து நேராக அவருடைய லோன் கணக்கில் கட்டினேன். சனிக்கிழமை சம்பளம் போட வேண்டும் என்று கெஞ்சினார், அதனால் 1,00,000 அவருக்கு. அதைத் தன் வீட்டம்மா கணக்கில் போடச் சொன்னார். தன் கணக்கில் விழுந்தால் வேறு ஒரு டியூ அதை விழுங்கிவிடும் என்றார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வண்டி யார் பெயரிலோ அவர் பெயர்க் கணக்கில்தான் போடுவேன் என்று சொல்லி, அவருடைய வேறொரு பேங்க் கணக்குக்கு அனுப்பினேன். மீதி 77,600, என்.ஓ.சி. (லோன் முடிந்தது, ஆட்சேபம் இல்லை என்று பேங்க் தரும் சான்று) கைக்கு வந்த பிறகு. இதையெல்லாம் ஒரு ஒப்பந்தமாக எழுதி, வண்டியை எடுத்த தேதி, மணி, கிலோமீட்டர் வரை குறித்து இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

இத்தனை கெட்டிக்காரத்தனமும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்க மறந்ததால் ஆட்டம் கண்டது. லோன் முடிந்தது, கணக்கும் மூடியாகிவிட்டது. என்.ஓ.சி. கேட்டுப் போனால், தர முடியாது என்கிறார்கள். அவருடைய மச்சான் அதே பேங்கில் ஒரு சரக்கு ஆட்டோவுக்கு லோன் வாங்கியிருக்கிறார். அதற்கு இவர் ஜாமீன் கையெழுத்து. மச்சான் சில மாதமாக டியூ கட்டவில்லை. அது நேராகும்வரை கார் என்.ஓ.சி. கிடையாதாம்.

"அந்த லோனுக்கும் இந்தக் காருக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டேன். லோன் ஒப்பந்தத்தைப் புரட்டி ஒரு வரியைக் காட்டினார் மேனேஜர். கடன் வாங்கியவர் அந்த பேங்குக்கு வேறு எந்த வகையில் பாக்கி வைத்திருந்தாலும் அடமானத்தைப் பிடித்து வைக்கலாம் என்ற மாதிரி இருந்தது. இது சரியா என்று கேஸ் போட்டு வாதாடலாம்தான். எனக்கு வேண்டியிருந்தது ஒரு காகிதம், வழக்கு இல்லை. அதனால் நீங்கள் ஃபோர்குளோஷர் லெட்டர் வாங்கும் அன்றைக்கே, விற்பவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இந்தத் தொகையைக் கட்டினால் என்.ஓ.சி. தருவீர்களா? இவருக்கு இங்கே கிரெடிட் கார்டு, பர்சனல் லோன், ஜாமீன் கையெழுத்து வேறு ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள். முடிந்தால் பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடன் முழுதும் தீர்ந்தால் 30 நாளுக்குள் ஒரிஜினல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவில் இருக்கும் அடமானத்தையும் நீக்க வேண்டும், தங்கள் தரப்பில் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. எனக்கு அந்த வசதி அப்போது இல்லை. உங்களுக்கு இருக்கிறது, மேனேஜரிடம் பேசும்போது ஞாபகத்தில் வையுங்கள்.

இந்த இழுபறிக்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒருவர் வந்து நின்றார். நூல் கடைக்காரர். "ஏனுங்க, இது அவரு வண்டிதானுங்களே? எனக்கு நாலு லட்சம் தரோணுங்க" என்றார். நான் வாங்கிவிட்டேன் என்றேன். "ஆர்.சி. அவரு பேர்லதான இருக்குது?" என்று கேட்டாரே பார்க்கலாம். வீட்டுக்குள் வரச் சொல்லி, பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஒப்பந்தத்தையும் காட்டினேன். மோர் குடித்துவிட்டு, "உங்க மேல தப்பில்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாளே வக்கீல் நண்பரைப் பிடித்தேன்.

அவர் சொன்னதன் சாரம்: கைமாற்று கொடுத்தவரோ நோட்டு எழுதி வாங்கியவரோ கோர்ட் உத்தரவு இல்லாமல் வண்டியைத் தொட முடியாது. தொட்டால் நேராகப் போலீஸ் ஸ்டேஷன். ஆனால் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு, தீர்ப்புக்கு முன்பே ஜப்தி உத்தரவு வாங்கிவிட்டால், ஆர்.சி.யில் இருக்கும் பெயரை வைத்து அமீனா (கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் ஊழியர்) என் வீட்டுக்கும் வரலாம். அப்போது "இது அவருடையது இல்லை, ஜப்திக்கு முன்பே நான் வாங்கியது" என்று நான்தான் கோர்ட்டில் மனுப் போட்டு நிரூபிக்க வேண்டும். கார் போன்ற பொருள், விற்பனைப் பேச்சு முடிந்து ஒப்படைத்தாலே கைமாறிவிடும், ஆர்.சி. வெறும் பதிவு என்பது என் பக்க வாதம். அது நிற்க வேண்டுமானால் தேதி போட்ட காகிதமும் பேங்க் வழியாகப் போன பணமும் வேண்டும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் என் பேச்சை யார் நம்புவார்கள்? ஜப்தி ஆன பிறகு வாங்கியிருந்தால் எந்தக் காகிதமும் காப்பாற்றாது, அந்த விற்பனை ஜப்தி செய்தவரைக் கட்டுப்படுத்தாது.

வக்கீல் இன்னொன்றும் கேட்டார்: "எவ்வளவுக்கு வாங்கினே?" சொன்னேன். "நல்ல வேளை" என்றார். விற்றவர் நாளைக்கு மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டால், அதாவது திவால் மனு போட்டுவிட்டால், அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் அவர் கைமாற்றிய சொத்தையெல்லாம் கோர்ட் கிளறிப் பார்க்கலாம். 1920-ஆம் வருஷத்து மாகாணத் திவால் சட்டத்தில் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு, உரிய விலை கொடுத்து வாங்கியவருக்கு அதில் பாதுகாப்பு உண்டு. மூன்றரை லட்சம் பெறும் வண்டியை ஒன்றரை லட்சத்துக்கு எழுதியிருந்தால் அந்தப் பாதுகாப்பைக் கேட்க வாய் வராது. நீங்கள் "விலையும் குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு குறைவு என்று பாருங்கள். கொஞ்சம் குறைவென்றால் அவருடைய அவசரம். அடிமாட்டு விலையென்றால் நான் வாங்க மாட்டேன்.

கடைசியில் என்.ஓ.சி. எப்படி வந்தது என்றால், கையில் நிறுத்தி வைத்த அந்த 77,600 தான். அவருக்குச் சேர வேண்டிய அந்தப் பணத்தில், அவர் எழுதிக் கொடுத்த சம்மதத்தோடு, 41,000-ஐ மச்சானின் ஆட்டோ லோன் பாக்கிக்கு நானே கட்டினேன். பத்து நாளில் என்.ஓ.சி.யும் எச்.பி. நீக்க பேங்க் கையெழுத்துப் போட்ட 35-ஆம் ஃபாரமும் வந்தன. மிச்சம் 36,600-ஐ, ஆர்.டி.ஓ. ஆபீஸில் எச்.பி. நீக்கவும் பெயர் மாற்றவும் சேர்த்தே விண்ணப்பித்த அன்று அவர் கணக்கில் போட்டேன். முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்திருந்தால் அது நூல் கடைக்குப் போயிருக்கும், நான் இன்னும் பேங்க் படியேறிக்கொண்டிருப்பேன்.

விற்பவர் பெயர் மாற்றத்துக்கு வர இழுத்தடித்தால் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பு அவருக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே கடனில் இருப்பவர் இதைக் கேட்டதும் மறுநாள் காலையிலேயே ஆதாரோடு வந்து நிற்பார், இவர் வந்தார். உங்கள் பக்கத்தில் இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு தானாகக் கூடவே வந்துவிடும், சொந்த வண்டிச் சேதத்துக்கு அப்படி வராது. நான் அந்த ஐந்து மாதமும் அதற்குப் பயந்தே சந்துக்குள் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினேன்.

ஃபாஸ்டேக்கை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன். விஜயமங்கலம் டோலைத் தாண்டிய அடுத்த நிமிஷம் அவரிடமிருந்து போன்: "தம்பி, ஈரோட்டுக்குங்களா? என் கணக்குல எழுபது ரூவா கூட இல்லைங்க, எப்படி எடுத்தானுங்க?"