கடைக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று

கேள்வி: புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை, பின்னேரம் கணக்கியல் வகுப்பு. இரண்டுக்கும் குறிப்பெழுத காசு கட்டத் தேவையில்லாத செயலி எது அண்ணா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, ஒரே செயலியில் இரண்டையும் திணிக்காதீர்கள். கடைக்கு கூகுள் கீப் போதும். "நீலப் பருத்தி 12 மீற்றர், வெள்ளிக்கிழமை" என்று வாடிக்கையாளர் சொல்லி முடிப்பதற்குள் எழுதிவிடலாம், கொடுத்து முடிந்ததும் பெட்டியில் சரி போட்டால் அந்த வரி கோடு விழுந்து கீழே போய்விடும், பில்லைப் படமெடுத்து அதே குறிப்பில் ஒட்டலாம், டேட்டா முடிந்திருந்தாலும் எழுதலாம், இணைப்பு வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் நீண்ட பாடக்குறிப்பை அதில் எழுதினால் தேடியே களைத்துப் போவீர்கள். அதற்கு மைக்ரோசொஃப்டின் ஒன்நோட். கொப்பி, அதற்குள் பிரிவு, அதற்குள் பக்கம். நாம் பள்ளிக்கூடத்தில் பழகிய அதே ஒழுங்கு. ஐந்தொகையை அட்டவணையாகவே போடலாம். இலவசக் கணக்கில் 5 ஜிபி சேமிப்பிடம் கிடைக்கும், எழுத்துக்கு அது தாராளம்.

எவர்நோட் என்றும் ஒரு குறிப்புச் செயலி இருக்கிறது; அதன் இலவசப் பதிப்பில் 50 குறிப்புகள்தான், கொப்பியும் ஒன்றுதான். உங்களுக்கு ஒரு தவணைக்கே காணாது, அதை விட்டுவிடுங்கள்.

அப்புறம், எதை எடுத்தாலும் கடை போனில் உங்கள் சொந்தக் கணக்கால் உள்நுழையாதீர்கள். வேலை மாறும்போது வெளியேற மறந்தால் பாடக்குறிப்பும் மற்றவர் பார்க்கும்படி அந்தப் போனிலேயே தங்கிவிடும்.