கைடு கொடுத்த ரிவ்யூவை நான் எழுதலாமா?

கேள்வி: உயிரியலில் பி.எச்டி. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு ஜர்னலிலிருந்து ரிவ்யூவுக்கு, அதாவது வெளியிடத் தகுதியானதா என்று சக ஆய்வாளர் மதிப்பிடுவதற்காக, வந்த கட்டுரையை என் கைடு என்னிடம் கொடுத்து, எழுதித் தரச் சொல்கிறார். என் பெயர் எங்கும் வராது போலிருக்கிறது. எழுதலாமா? முறையாகக் கற்றுக்கொள்ள என்ன வழி? பின்னாளில் எடிட்டராகவும் ஆசை.

பதில்: எழுதுங்கள், ஆனால் பெயரோடு எழுதுங்கள். அந்தக் கட்டுரை உங்கள் கைடை நம்பி ரகசியமாக அனுப்பப்பட்டது. எடிட்டருக்குத் தெரியாமல் அது உங்கள் கைக்கு வருவதே முறையல்ல. கைடு எடிட்டருக்கு ஒரு வரி மின்னஞ்சல் போட்டால் போதும். "சார், நானும் சேர்ந்து எழுதுவதாக எடிட்டரிடம் சொல்லிவிடலாமா?" என்று இயல்பாகக் கேளுங்கள். தயக்கமாக இருக்கும், புரிகிறது. 2019-இல் ஈலைஃப் என்ற உயிரியல் இதழில் வந்த ஒரு கருத்துக்கணிப்பில், இளம் ஆய்வாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெயரில்லாமல் ரிவ்யூ எழுதியதாகச் சொல்லியிருந்தார்கள். அது தவறு என்று கருதியவர்களும் அவர்களில் மிகப் பெரும்பான்மையினரே. இந்த வழக்கம் போக வேண்டும்.

சரி, பயிற்சி. இலவச ஆன்லைன் வகுப்புகள் இருக்கின்றன, ஒன்றை முடியுங்கள். ஆனால் சான்றிதழ் கையில் வந்ததும் கற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் ரிவ்யூவர்கள் சுமார் 600 பேரை வைத்து 2004-இல் வெளியான சோதனை ஒன்று உண்டு. கட்டுரைகளில் வேண்டுமென்றே 9 பெரிய பிழைகளைப் புகுத்திக் கொடுத்தார்கள். முதல் கட்டுரையில் ரிவ்யூவர்கள் கண்டுபிடித்தது சராசரியாக மூன்றுக்கும் குறைவு. குறுகிய காலப் பயிற்சியால் கிடைத்த முன்னேற்றமும் சொற்பம்தான்.

எழுதி எழுதி, நம் எழுத்தைத் தேர்ந்தவர்கள் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இது வரும். ஈலைஃப் இப்போது கட்டுரையின் முதல் வடிவத்தையும் அதற்கு வந்த ரிவ்யூக்களையும் சேர்த்தே வெளியிடுகிறது. உங்கள் துறையில் ஒரு கட்டுரையை எடுங்கள். ரிவ்யூக்களைத் திறக்காமல் நீங்களே ஒன்று எழுதுங்கள், அப்புறம் திறந்து பாருங்கள். புதியவர்கள் படத்தின் தலைப்பு, ஆங்கிலப் பிழை எல்லாம் சரியாகப் பிடித்துவிடுவார்கள். 3 எலிகளிலிருந்து எலிக்கு 100 செல் எடுத்து, மாதிரி எண்ணிக்கை 300 என்று கணக்குக் காட்டியிருப்பதை விட்டுவிடுவார்கள். ஒரே எலியின் செல்கள் தனித்தனி மாதிரிகள் அல்ல, உண்மையான எண்ணிக்கை 3தான். முடிவையே கவிழ்க்கிற பிழை அதுதான். இப்படி ஐந்து கட்டுரைகள் செய்தால் உங்கள் கண் எதைத் தவற விடுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எழுதும்போது, கட்டுரை என்ன சொல்கிறது என்பதை முதலில் உங்கள் சொற்களில் எழுதுங்கள். பிறகு பெரிய சந்தேகங்கள், கடைசியில் சின்னத் திருத்தங்கள். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் எது தீர்வு என்று சொல்லுங்கள்: புதிய சோதனையா, இருக்கிற தரவையே வேறு விதமாக அலசுவதா, அல்லது முடிவைக் கொஞ்சம் அடக்கிச் சொன்னாலே போதுமா? புதிய சோதனையை எளிதாகக் கேட்டுவிடாதீர்கள், அங்கேயும் உங்களைப் போல ஒரு மாணவரின் ஒரு வருடம் போகும். ஏற்கலாமா, மறுக்கலாமா என்பது ரிவ்யூ படிவத்தில் எடிட்டர் மட்டும் பார்க்கும் பெட்டியில்தான். கட்டுரையைச் சாட்ஜிபிடி போன்றவற்றில் ஏற்றவே கூடாது, ரகசியம் அங்கேயே போய்விடும்.

எடிட்டர் வேலை வேறு மாதிரி. யாரிடம் அனுப்புவது, இரண்டு ரிவ்யூக்கள் முரண்பட்டால் எதை நம்புவது என்பதுதான் அதன் சாரம். முடிவு தெரிவிக்கும்போது பல ஜர்னல்கள் மற்ற ரிவ்யூக்களையும் ரிவ்யூவருக்கு அனுப்பும். எடிட்டரிடம் உங்கள் பெயர் போயிருந்தால், கைடோடு உட்கார்ந்து அவற்றைப் படிக்கத் தடையில்லை. எடிட்டர் யார் சொன்னதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார், ஏன் என்று கைடிடம் கேளுங்கள்.